நீல வில்லை வாங்கிய அடி

முதலில் முகர்ந்து பார்ப்பார். கழற்றிய பவர் சப்ளையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு, "ம்... ரெசிஸ்டர் இல்ல. வேற யாரோ கருகியிருக்காங்க" என்பார். வீட்டின் முன்னறைதான் பல்பு அக்காவின் பட்டறை.

ப்யூஸ் போனால் மற்ற கடைகளில் புதியதைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அக்கா மாட்டார். "செத்தவனப் பொதைச்சா போதுமா? கொன்னவன் யாருன்னு பாக்க வேணாமா?" ப்யூஸ் இருந்த இடத்தில் பழைய குண்டு பல்பு ஒன்றை இணைப்பார். அது எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். ஒருமுறை மின்னி அடங்கினால் நலம். இந்தத் தெருவில் பல்பு வாங்காத ஆளே இல்லை என்று அவர் கணவர் கிண்டலடிப்பதுண்டு. அன்றைக்கு அவருக்கு டீ கிடைக்காது.

செவ்வாய்க்கிழமை என் கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் அக்காவின் கொழுந்தனார் வேர்த்து விறுவிறுத்து நின்றிருந்தார். அக்காவின் மாமியார் இருப்பது அவர் வீட்டில்தான். மூச்சுக் கோளாறு. ஆக்ஸிஜன் தரும் மெஷின், காலையில் கரண்ட் எகிறியதில் நின்றுவிட்டது. கையிருப்பு சிலிண்டர் மாலை வரைதான் தாங்கும்.

மெஷினைத் திறந்தால், உள்ளே சர்க்யூட் போர்டில் சட்டைப் பொத்தான் அளவு நீல வில்லை ஒன்று வெடித்திருந்தது. அக்கா அதை வெட்டி எடுத்தார். பல்பு மின்னி அடங்கியது. புது ப்யூஸ் போட்டதும் மெஷின் உறுமிக்கொண்டு ஓடியது. கொழுந்தனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"குடுங்க அண்ணி, கிளம்புறேன்."

"இருங்க தம்பி. இப்ப வெட்டி எடுத்தேனே, அந்த வேரிஸ்டர் புதுசு போடணும்."

"அது இல்லாமலே ஓடுதே!"

"ஓடும். சும்மா இருக்கிறப்ப அதுக்கு ஒரு வேலையும் கிடையாது. கரண்ட் எகிறினா அடிய அதுவே வாங்கிக்கிட்டு ப்யூஸைப் போக வைக்கும். அது இல்லன்னா அடுத்த அடி மொத்த போர்டுக்கும். அப்புறம் என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. அத்தை மூச்சுக்கு என்ன பண்ணுவீங்க?"

கருகிய துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இத்தனை நாள் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்த பொருளின் மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

அக்கா டப்பாக்களைக் கவிழ்த்துத் தேடினார். கிடைத்த இரண்டிலும் எண் பொருந்தவில்லை. ஒன்று கரண்ட் லேசாக ஏறினாலே செத்துவிடுமாம். இன்னொன்று எவ்வளவு ஏறினாலும் அசையாதாம். கடைக்குப் போன் செய்தார். நாளைக்குத்தான் வரும் என்றார்கள்.

"ஒரு நாள்தானே அண்ணி..."

"இன்னைக்கே ரெண்டு தடவ எகிறிடுச்சு தம்பி." அக்கா பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

மணி மூன்று. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அதே நம்பர் வில்லை உள்ள ஒண்ணு இருக்கு" என்றபடி சமையலறைக்குள் போனார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். போன வாரம் வாங்கிய ஃப்ரிட்ஜ். கதவில் ஒட்டிவந்த தாளைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. அக்கா அதைத் திறந்து, பால் பாத்திரத்தை எடுத்துக் கொழுந்தனார் கையில் கொடுத்துவிட்டு, ப்ளக்கைப் பிடுங்கினார்.