மாடிப்படி வரை வழி சொன்ன வெப்சைட்

போன வாரம் ஸ்டெல்லாவிடமிருந்து போன். "அக்கா, கொஞ்சம் வீட்டாண்ட வாக்கா. பயமா கீது."

ஆட்டோ பிடித்து ஓடினேன். மேற்கு மாம்பலத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரியாவை மாற்றியிருக்கிறேன். ஸ்டெல்லா என்பதும் அவள் பெயரில்லை. இந்த வாரக் கட்டுரையில் அதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். குடித்துவிட்டு அடிக்கிற கணவனை விட்டு விலகி, மகளோடு ஒரு மாடி போர்ஷனில் இருக்கிறாள். அவனுக்கு அந்த வீடு தெரியாது. தெரியவும் கூடாது.

கருவாட்டுத் தொக்கு செய்து விற்பதுதான் பிழைப்பு. (அந்தத் தொக்கு வந்த அன்று என் வீட்டில் சாம்பாரை யாரும் சீண்ட மாட்டார்கள்!) சமீபத்தில் சொந்தமாக ஒரு வெப்சைட் தொடங்கினாள். அதில் தன் பெயரோ படமோ போடவில்லை. அவ்வளவு ஜாக்கிரதை.

பிறகென்ன பயம்?

முன்பின் தெரியாத யாரோ அந்த வெப்சைட் வழியாகவே ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார். "மேடம், வெப்சைட்டைப் பதிவு செய்தபோது நீங்கள் கொடுத்த பெயர், வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் இணையத்தில் யார் தேடினாலும் தெரிகிறது. பதிவு செய்த கம்பெனியிடம் 'பிரைவசி' வசதி இருக்கும். உடனே ஆன் செய்துவிடுங்கள்."

எந்த வெப்சைட் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் தளத்தில் தேடிப் பார்த்தோம். விலாசம் முழுசாக அப்படியே இருந்தது. நம் சென்னைக்காரர்கள் விலாசம் எழுதும் அழகுதான் தெரியுமே... பழைய எண், புதிய எண், பிள்ளையார் கோயில் எதிர்ச்சந்து, இஸ்திரி வண்டிக்குப் பின்னால் பச்சை கேட், பக்கவாட்டுப் படி, மாடி!

"ஏண்டி இவ்வளவு விவரம் குடுத்தே?"

"அட்ரஸ் கேட்டாங்க... கூரியர்காரன் தெருவுல தேடிக்கினு நிப்பானேன்னு எழுதிட்டேன். வெப்சைட்டு பார்சல்ல வராதுன்னு எனக்கு இன்னாக்கா தெரியும்?"

சிரிப்பு வந்தது. அவள் மகள் தினமும் ஸ்கூல் விட்டு அந்தப் பக்கவாட்டுப் படியில்தான் ஏறி வருவாள் என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

தட்டுத் தடுமாறி அந்த வசதியை ஆன் செய்தோம். சற்று நேரம் கழித்துத் தேடினால், விலாசம் இருந்த இடத்தில் 'மறைக்கப்பட்டுள்ளது' என்று வந்தது. ஸ்டெல்லா ஓவென்று அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது.

பெயரை மறைத்தாலே ஏதோ தில்லுமுல்லு என்று நினைக்கிறோம். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறவர்கள் எல்லாம் உள்ளே கள்ளநோட்டா அடிக்கிறார்கள்? கம்பெனிக்கு அவள் விலாசம் தெரியும். சட்டப்படி கேட்டால் போலீசுக்கும் கிடைக்கும். தெருவில் போகிறவனுக்கு எதற்கு?

"யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும். ஒரு பாட்டில் தொக்கு அனுப்பலாம்னு கீறேன்க்கா" என்றாள் ஸ்டெல்லா.

எங்கே அனுப்புவது? மெசேஜில் பெயர் இல்லை. தன்னுடைய மாடித்தோட்ட வெப்சைட்டின் முகவரியை மட்டும் கீழே போட்டிருந்தார். அது யார் பெயரில் இருக்கிறது என்று தேடினோம்.

மறைக்கப்பட்டுள்ளது!

முகம் தெரியாத அந்த நல்ல மனசுக்குத்தான் இந்த வாரப் பத்தி. சாரோ, மேடமோ... ஒரு தாயும் மகளும் இன்று நிம்மதியாகத் தூங்குவது உங்களால்தான். ரொம்ப நன்றி.

உங்கள் தொக்கு பாட்டில் என் வீட்டில் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள் — விலாசத்தை மட்டும் இங்கே எழுத மாட்டேன்!