மேஜையின் எதிர்ப்பக்கம்

என் அக்கா ஆஸ்பத்திரியில் துணி மடிக்கிறாள். நோயாளிகள் படுத்த விரிப்பு, போட்டுக்கொண்ட அங்கி, தலையணை உறை எல்லாம் துவைத்து உலர்ந்து, சூடு ஆறாமல் தள்ளுவண்டியில் வந்து சேரும். அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை, நடுவில் நீள மேஜை. மேஜைக்கு இந்தப் பக்கம் அக்கா. இருபத்து நாலு வருஷமாக இந்தப் பக்கம்தான். அவள் நிற்கிற இடத்தில் தரைப் பூச்சு தேய்ந்து உள்ளே இருக்கிற சிமெண்டு தெரிகிறது. அதே அறையின் மூலையில் நான் தையல் மெஷின் போட்டுக் கிழிசல் தைக்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவளுக்கு அந்த மூலையை வாங்கிக் கொடுத்ததும் அக்காதான். அவள் வீட்டில்தான் நானும் இருக்கிறேன்.

விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று, நாலு மூலையையும் பிடித்து, ஒரு உதறு உதறி, நடுவில் வந்து மூலையோடு மூலை சேர்த்து, பின்னால் போய் மறுபடி முன்னால் வரவேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்த வயதான பெண் இந்த வருஷம் ஓய்வு பெற்றுப் போய்விட்டாள். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. இந்த மாதம் மட்டும் வார்டிலிருந்து ஒருத்தியை இரவலாக அனுப்பியிருந்தார்கள்.

அக்காவுக்கு ஒரே மகள். பிறந்தபோது கையளவு இருந்ததால் பொடிசு என்று கூப்பிட ஆரம்பித்தோம். இப்போது அக்காவை விட ஒரு சாண் உயரம். பேர் மட்டும் வளரவில்லை. அவள் பள்ளியில் கடைசி வருஷப் பிள்ளைகள் எல்லோரும் மாலை நேரத்தில் எங்கேயாவது மூன்று மாதம் வேலை பார்த்து, அங்கிருந்து ஒரு கடிதம் வாங்கி வரவேண்டும் என்று விதி. இடத்தை அவர்களே தேடிக்கொள்ளலாம். மாதக் கடைசிக்குள் கிடைக்காவிட்டால் பள்ளியே தன்னிடம் உள்ள பட்டியலிலிருந்து ஓர் இடம் கொடுக்கும். அந்தப் பட்டியலில் முதலில் இருந்தது எங்கள் ஆஸ்பத்திரியின் துணி அறை.

சூப்பர்வைசருக்கு அது தெரிந்ததும் வாயெல்லாம் பல். இடமும் காலி, பெண்ணும் தயார், உங்கள் ஷிப்டையும் மாலைக்கு மாற்றிவிடுகிறேன், தாயும் மகளுமாக மடிக்கலாம், பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி என்றார். அக்கா தலையை ஆட்டிவிட்டு வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தவள் கையை உள்ளே விடவில்லை.

"நான் லீவு முடியற வரைக்கும்னு வந்தவடி. எந்த லீவுன்னே மறந்து போச்சு. அவ எதிர்ல வந்து நின்னா, அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டே நான் மடிக்கணும். என்னால ஆகாது."

அவள் காலில் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டு நீலமாக நிற்கிறது. பதினேழு வயதில் வரும்போது அந்தக் கால் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அப்படியாக வேலை தேடல் தொடங்கியது. மூன்று மணிக்கு ஷிப்டு முடிந்ததும் முகம் கழுவி, உடை மாற்றி, பள்ளி வாசலில் பொடிசைப் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவோம். நான் எதற்கு என்று கேட்டேன். சும்மா கூட வா, மூணு பேரா போனா கொஞ்சம் மரியாதையா இருக்கும் என்றாள் அக்கா. அக்கா கேட்ட வேலைக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். உட்கார நாற்காலி இருக்கவேண்டும். கடைக்குள் நுழைந்ததும் முதலாளி முகத்தைப் பார்ப்பதற்கு முன் நாற்காலியைத்தான் தேடுவாள்.

எங்கள் வீட்டுப் பேச்சைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். துணி அறையில் நாலு உலர்த்தும் மெஷின் நாள் முழுக்க ஓடுகிறது. அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்காது. அதனால் அங்கே வேலை பார்க்கிறவர்கள் குரலை விட்டுவிட்டு வாயால் பேசுவார்கள். ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் முழுசாக வடித்து, முகத்தை நேராகக் காட்டிச் சொன்னால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள் படித்துக்கொள்வாள். வம்பு, வருத்தம், சிரிப்பு எல்லாம் அப்படித்தான். பொடிசு சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மதியமே பள்ளி விட்டு வந்து அக்காவின் ஷிப்டு முடியும்வரை மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருப்பாள். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்னாலேயே உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். இன்றைக்கும் வெளியாட்கள் முன்னால் கூச்சம் வந்தால் அவளுக்குக் குரல் நின்றுபோகும். வாய் மட்டும் அசையும். அக்கா அதைப் படித்து உரக்கச் சொல்வாள். அக்காவுக்கோ நேர் எதிர்ப் பழக்கம். அந்த அறையை விட்டு வெளியே வந்ததும், சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டுகிற மாதிரி, நாலு மெஷினுக்கும் மேலே கேட்கிற குரலில் பேசுவாள்.

இது எங்களுக்குப் பழகிப்போய்விட்டது. கடைக்காரர்களுக்குப் பழகவில்லை.

மருந்துக்கடைக்காரர் பொடிசைப் பார்த்து என்னம்மா படிக்கிறாய் என்று கேட்டார். பொடிசு வாயை அசைத்தாள். "பன்னெண்டாவது" என்று அக்கா போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த மாத்திரை அட்டை கீழே விழுந்தது. காலையா மாலையா, எந்த நேரம் வசதி என்று கேட்டார். மறுபடி பொடிசின் வாய், மறுபடி அக்காவின் குரல். அவர் என்னைப் பார்த்தார். நான் இருமல் மருந்துப் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொண்ணுக்குப் பேச வராதாம்மா?"

"நல்லா பேசுவா. வீட்ல வாயை மூடவே மாட்டா."

"இங்கயும் மூடலியே. சத்தம்தான் வரல" என்றார் அவர்.

செருப்புக்கடையில் வேலை பார்க்கிற பெண்கள் இரண்டு பேர் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். வேலை யாருக்கு, பேசுவது முழுக்க நீங்கள்தானே, நீங்களே சேர்ந்துகொள்ளுங்களேன் என்று முதலாளி அக்காவைக் கேட்டார். நகல் எடுக்கிற கடையில் நாற்காலி இருந்தது, மின்விசிறிக்கு நேர் கீழே. அக்கா அதை ஆசையோடு பார்த்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்றார் அந்தக் கடைக்காரர். அப்படி எங்களிடம் சொன்னவர்கள் மொத்தம் ஏழு பேர். இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒவ்வொரு நாளும் நடந்து நடந்து அக்காவின் கால் வீங்கியது. பேருந்தில் ஏறும்போது கையால் தொடையைத் தூக்கிப் படியில் வைப்பாள். பதினெட்டாம் நாளோ பத்தொன்பதாம் நாளோ, பேருந்து நிறுத்தத்தில் பொடிசு வாயைத் திறந்தாள், குரலோடு.

"நீ வராதம்மா. நான் சொல்றதுக்குள்ள நீயே சொல்லிடற."

"நீ சொன்னா நான் எதுக்குடி சொல்லப்போறேன்?"

பொடிசு சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "துணி அறைக்கே வந்துடறேன்மா. அங்க யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

எங்கள் பேருந்து வந்து, நின்று, போய்விட்டது. மூன்று பேரும் ஏறவில்லை. அடுத்த பேருந்தில் வீட்டுக்கு வந்ததும் அக்கா விளக்கைக்கூடப் போடாமல் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டாள்.

மாதம் முடிய நாலு நாள் இருந்தது. அக்காவுக்குக் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை, விடுப்புப் போட்டிருந்தாள். கடைத்தெருவில் காது மெஷின் விற்கிற கடைக் கண்ணாடியில் மாலை நேரத்துக்கு ஆள் தேவை என்று காகிதம் ஒட்டியிருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். நீ கூட்டிக்கொண்டு போ என்றாள் என்னிடம். என்ன பேச வேண்டும் என்று மூன்று முறை சொல்லிக்கொடுத்தாள். இவள் என் அக்கா மகள், வேலை கேட்டு வந்திருக்கிறோம், அவ்வளவுதான். வழி நெடுக அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

சின்னக் கடை. உள்ளே போனதும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளியே ஓடுகிற வண்டிச் சத்தம் ஒரு பொட்டுக்கூட உள்ளே வரவில்லை. அவ்வளவு அமைதியான இடத்தில் நான் நின்றதே கிடையாது. மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். சேர்த்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்ல வாயை அசைத்தேன், சத்தம் வரவில்லை. பொடிசைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள், நான் சொல்வேன் என்று.

அந்த அம்மா எழுந்து என் முகத்துக்கு நேரே வந்தார். "எந்தக் காதும்மா? ரெண்டுமேவா?" என்று சத்தமாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அது அவருக்கு இன்னும் பரிதாபமாகப் போயிருக்கவேண்டும். என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு சின்ன டார்ச்சை எடுத்தார்.

பொடிசு சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் குரலும் வந்தது.

"சித்திக்குக் காது நல்லா கேக்கும் மேடம். பேசத்தான் கூச்சம். வேலை கேட்டு வந்தது நான்."

அந்த அம்மாவும் சிரித்தார். பிறகு கேள்வி கேட்டார். எந்தப் பள்ளி, எத்தனை மணிக்கு விடும், நடந்து வருவாயா. அவளுக்காக உரக்கச் சொல்ல ஆள் இல்லாததால் ஒவ்வொன்றுக்கும் பொடிசே பதில் சொன்னாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. இருந்தாலும் வந்தது.

நடுவில் கதவு திறந்தது. வயதான ஒருவர் காது மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு கோபமாக வந்தார். பின்னாலேயே அவர் மகன், "பேட்டரிப்பா, பேட்டரி" என்று அவர் பிடரியைப் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தார். பெரியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. போன வாரம் வாங்கிய பொருள் இன்றைக்குச் செத்துப்போய்விட்டது, ஏமாற்றிவிட்டீர்கள் என்றார். கடைக்கார அம்மா உள்ளே பேட்டரி தேடப் போனார். பொடிசு பெரியவருக்கு முன்னால் போய் நின்றாள். முகத்தை நேராகக் காட்டி, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தாள். துணி அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் பேசுவது போல. எனக்குப் புரிந்தது: மெஷின் கெடவில்லை தாத்தா, பேட்டரி தீர்ந்துவிட்டது, மாற்றினால் சரியாகிவிடும்.

"அட, பேட்டரியா" என்றார் பெரியவர். மகனைத் திரும்பிப் பார்த்து, "இத முன்னாடியே சொல்றதுக்கென்னடா" என்றார்.

கடைக்கார அம்மா கையில் பேட்டரியோடு உள் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே கற்றுக்கொண்டாய் என்று பொடிசைக் கேட்டார். அம்மா வேலை பார்க்கிற இடத்தில் என்றாள். பள்ளி விட்டு வந்து மூன்று மணி நேரம், சின்னத் தூரிகையால் காது மெஷின் குழாய்களைச் சுத்தம் செய்வது, பேட்டரி மாற்றுவது, வருகிறவர்களிடம் பேசுவது, இதுதான் வேலை. பெற்றோர் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

அவள் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப இத்தனை நாளா என் கால்தான் தேஞ்சிருக்கு" என்றாள். அதில் சிரிப்பு இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று இருபது வருஷத்துக்கு மேல் அவள் முகத்தையே படித்துக்கொண்டிருக்கிற எனக்கே தெரியவில்லை. உட்கார இடம் இருக்கிறதா என்று மகளைக் கேட்டாள். இருக்கிறது என்றதும் கையெழுத்துப் போட்டாள். மறுபடி படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பி உடனே தூங்கிப்போனாள்.

இரவல் ஆள் வார்டுக்குத் திரும்பிப் போன திங்கட்கிழமை சூப்பர்வைசர் வந்தார். பெண்ணுக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது என்று அக்கா சொன்னாள். இரைச்சலில் அவருக்குக் கேட்காமல், இருவரும் கதவுக்கு வெளியே போய்ப் பேசினார்கள். கதவு திறந்தே இருந்ததால் என் மூலையிலிருந்து இருவர் வாயும் தெரிந்தது. சரி, அப்படியானால் வேறு யாரையாவது கூட்டி வாருங்கள், உங்களுக்குத் தெரியாத ஆளா, பள்ளிப் பிள்ளைதான் என்று இல்லை, யாராக இருந்தாலும் நாளைக்கே சேர்த்துக்கொள்கிறேன் என்றார்.

எங்கள் கீழ் வீட்டுக்காரி போன வாரம்தான் வந்து அக்காவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவளுடைய இளையவள் படிப்பை விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாள், எந்த வேலையாக இருந்தாலும் சரி, உங்க எடத்துல ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா என்று. பார்க்கிறேன் என்று அக்கா சொல்லியிருந்தாள். நான் தைப்பதை நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்ல சார்" என்றாள் அக்கா.

அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். ஆள் கிடைக்கும்வரை நீங்களே சமாளியுங்கள் என்று சொல்லியிருக்கவேண்டும், அக்கா கையை விரித்தபடி உள்ளே வந்தாள். கீழ் வீட்டுப் பெண் என்ன ஆயிற்று என்று நான் வாயால் கேட்டேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கள் அறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் காதைப் பொத்திக்கொண்ட மாதிரி.

அவள் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு அது தேவையாகக்கூட இருந்திருக்கலாம். நாளைக்கு விஷயம் தெரிந்தால் கீழ் வீட்டுக்காரி படியில் நின்று நாலு வார்த்தை கேட்பாள்.

வண்டி வந்தது. அக்கா மேலே இருந்த விரிப்பை உருவி, இரண்டு மூலையைத் தாடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு, மற்ற இரண்டையும் கை எட்டியவரை இழுத்தாள். விரிப்பின் நடுப்பகுதி தரையைத் தொட்டது. தரையைத் தொட்டால் மறுபடி துவைக்கப் போடவேண்டும். அதை ஓரமாக எறிந்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். நான் மெஷினை நிறுத்தி, கிழிசல் மூட்டையைக் காலால் தள்ளிவிட்டு, எழுந்து போய் எதிர்ப்பக்கம் நின்று இரண்டு மூலையைப் பிடித்தேன்.