செவ்வாய்க்கிழமை ஊசி

சூலூரில் விசைத்தறிகளுக்கு நடுவே ஒற்றை அறை வீட்டில் குடியிருக்கிறாள் லோகப்பிரியா. வயது இருபத்துமூன்று. ஊர் காங்கேயம் பக்கம், தோட்டங்காடு உள்ள குடும்பம். தறி ஓட்டும் சரவணனை, வேற்றுச் சாதி என்று தெரிந்தே கட்டிக்கொண்டாள். அன்றோடு அப்பா நஞ்சப்பன் மகளைத் தலைமுழுகிவிட்டார். சரவணனுக்கும் தாய் தகப்பன் இல்லை. நல்லவன்தான், ஆனால் காலை எட்டுக்குத் தறிக்குப் போனால் வீடு திரும்பப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை அவள் தனியாள்.

பிள்ளை உண்டானபோது இன்னது செய் என்று சொல்ல ஆளில்லை. வாந்தி எடுத்தாள், படுத்தாள், எழுந்தாள். ஐந்தாம் மாதக் கடைசியில் நர்ஸ் ரிஃபத் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு வந்தபோதுதான் மாட்டினாள்.

“அஞ்சு மாசமா என்னுங்க பண்ணீட்டு இருந்தீங்க?” என்று ரிஃபத் சத்தம் போட்டாள். சத்தம் போடவாவது ஒருத்தி வந்தாளே என்று இவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

அந்த வாரமே சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து, ரத்தமும் எடையும் பார்த்து, டெட்டனஸ் தடுக்கும் முதல் டிடி ஊசியும் போட்டாயிற்று. இரண்டு நாள் கை வீங்கி, லேசாகக் காய்ச்சலும் அடித்தது. நாலு வாரம் கழித்து வரும் செவ்வாய்க்கிழமை அடுத்த ஊசி என்று அட்டையில் எழுதிக் கொடுத்தாள் ரிஃபத்.

அந்தச் செவ்வாய்க்கு மூன்று நாள் முன்னால் போன் வந்தது. அம்மா ராசாத்தாள். ஒன்றரை வருடத்தில் முதல் தடவை.

“கண்ணு, ஏழாம் மாசமாமா? கேள்விப்பட்டேன். செவ்வாக்கெழமெ வாரேன். உங்கப்பன் அன்னைக்குத் தேங்காப்பருப்பு ஏலத்துக்குப் போயிருவாரு. கட்டுச்சோறு கொண்டாரேன் சாமி.”

கட்டுச்சோறு என்றால், வயிற்றுப்பிள்ளைக்காரிக்குத் தாய்வீட்டார் புளிச்சோறும் தயிர்ச்சோறும் எள்ளுச்சோறுமாகக் கட்டிக்கொண்டு வந்து ஊட்டுவது. லோகப்பிரியா அன்று முழுக்க அழுதுகொண்டே சிரித்தாள்.

பிறகுதான் அந்தக் கிறுக்குத்தனம். ஊசி போட்டால் கை வீங்கும், காய்ச்சல் வரும். அம்மா வரும் நேரம் முனகிக்கொண்டு படுத்திருந்தால், ‘இவன் பார்த்துக்கற லட்சணம் இதுதானா’ என்று தோன்றிவிடாதா? ரிஃபத்திடம் சொல்லாமலே ஊசியை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டாள். எனக்கு இதை நினைத்தாலே கோபம் வருகிறது. பெற்றவள் கண்ணுக்கு நன்றாகத் தெரியவேண்டும் என்று, பெறப்போகும் பிள்ளையின் ஊசியைத் தள்ளிவைப்பார்களா? தள்ளிவைத்தாள்.

செவ்வாய்க்கிழமை தலைக்குக் குளித்து, பட்டுச்சேலை கட்டி, வாசல் பார்த்து உட்கார்ந்தாள். ஒன்பது மணி பஸ் போயிற்று. பதினொரு மணி பஸ்ஸும் போயிற்று. மத்தியானம் அழைத்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தபோது போன் அணைந்திருந்தது. அப்பா ஏலத்துக்குப் போகவில்லையோ, அம்மாவுக்குத்தான் துணிவு வரவில்லையோ, யார் கண்டது. சாயங்காலம் சேலையை மாற்றிவிட்டு, புருஷனுக்கு ரசம் வைத்தாள்.

மறுநாள் ரிஃபத்தின் ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது.

“ஏனுங்க அம்மணி, நேத்து ஏன் வல்லீங்க? இப்ப வந்துருவீங்க, இப்ப வந்துருவீங்கன்னு சாப்புடாமக்கூட ரெண்டு மணி வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தேன்.”

லோகப்பிரியாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுகைக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னாள்.

ரிஃபத் திட்டவில்லை. “சரி, ஒரு நாள்தான் தள்ளிப்போயிருக்குது. இந்த ஊசியப் போட்டாத்தான் ரணஜன்னி வராம உங்களுக்கும் காவல், பொறக்கற புள்ளைக்கும் காவல். இனி எந்தச் செவ்வாக்கெழமெ செக்கப்பையும் உடக்கூடாதுங்க. வண்டீல ஏறுங்க” என்றாள். அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள் அது. கைக்குழந்தைக்காரிகளின் வரிசையில் உட்காரவைத்து, இவளுக்கும் போட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை காலை சரவணன் தறிக்குப் போனபின் போன் அடித்தது. அம்மாவாக இருக்கும் என்று ஓடினாள். ரிஃபத்.

“கை வலிக்குதுங்களா?”

கை நன்றாகத்தான் இருந்தது. இந்த முறை வீக்கமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. இல்லை என்று சொன்னால் போனை வைத்துவிடுவாள்.

“ஆமாங்க, ரொம்ப வலிக்குதுங்க” என்றாள் லோகப்பிரியா.