மெழுகு அடைத்த துளைகள்

வெதூரியா எங்கள் ஊர் ரொட்டிக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தவள். புருஷன் செத்த பிறகுதான் மேட்டு ஓக் காட்டுக்கு வனக்காவலராகச் சேர்ந்தாள். துருக்கியர் படை இந்தப் பக்கம் வந்த காலத்திலேயே அந்த மரங்களுக்கு வயதாகியிருந்தது. ஒன்றைக் கட்டிப்பிடிக்க நாலு ஆள் கைகோக்க வேண்டும். கல்யாண ஊர்வலம்கூட அவற்றின் அடியில் ஒரு சுற்றுச் சுற்றித்தான் தேவாலயத்துக்குப் போகும்.

அந்தக் கோடையில் ஊற்றுப் பாதையோரம் நின்ற ஓக் ஒன்று, நடு ஜூலையில் இலையெல்லாம் பழுப்பாகி நின்றது. அடுத்து இன்னொன்று. மழை இல்லாததால்தான் என்றார்கள். பக்கத்தில் நிற்கிற மற்ற மரங்களெல்லாம் பச்சையாகத்தானே இருக்கின்றன என்று வெதூரியாவுக்கு மனசு உறுத்தியது. சருகை விலக்கிப் பார்த்தாள். வேருக்குச் சற்று மேலே விரல் நுழைகிற துளை. மெழுகு வைத்து அடைத்து, மேலே பட்டைத்தூள் தடவியிருந்தது. மெழுகைச் சுரண்டியதும் களைக்கொல்லி மருந்தின் நெடி மூக்கில் ஏறியது.

அன்றிலிருந்து ஒவ்வொரு மரத்தின் அடியிலும் முழங்காலிட்டுத் தேடினாள். இன்னும் பசுமையாக நின்ற மரங்களிலும் மெழுகு இருந்தது.

மேலதிகாரியிடம் சொன்னாள். கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள் என்றார் அவர். அந்த வாரமே அவளுடைய நாய் வாயில் நுரை தள்ளி வாசலில் செத்துக் கிடந்தது. சாராயக் கடையைத் தாண்டி அவள் நடந்தால் உள்ளே பேச்சு நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி செவேர் சாப்பிட வந்தான். அம்மா போன பிறகு அவள் தூக்கி வளர்த்த பிள்ளை; மர மில்லில் லாரி ஓட்டுகிறவன். அவன் கழற்றிக் கொடுத்த கோட்டை ஆணியில் மாட்டும்போது அதே நெடி அடித்தது. அவரைக்காய் சூப்பை அவன் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நாயக் கொன்னதும் நீதானாடா?"

"நாய நான் தொடல. அது வேற ஆளு." கரண்டியைக் கீழே வைத்தான். "உசுரோட இருக்கற மரத்தத்தான் தொடக் கூடாது. காஞ்சா வெட்டிக்கலாம்னு சட்டமே சொல்லுதுக்கா. நான் காய வெக்கறேன், அவ்ளோதான்."

"யாரு சொல்லி?"

"பேரக் கேக்காத. தெரிஞ்சுக்கிட்டவங்கள அவங்க சும்மா விட மாட்டாங்க."

கரண்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "சாப்பிடு, ஆறுது," என்றாள்.

மறுநாள் காலை பஸ் ஏறி நகரத்துப் போலீஸில் போய்த் தம்பி பெயரைச் சொன்னாள். அவனுக்கு இரண்டு வருஷம் தண்டனை. ஏவியவன் யாரென்று நீதிமன்றத்தில் அவன் வாயே திறக்கவில்லை. ஆனால் வழக்கு நடந்ததால், அந்தக் காட்டில் பட்டுப்போன மரத்தையும் வெட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதோடு துளை போடுவது நின்றது. மருந்து ஏறிய மரங்களில் பாதி பிழைத்தன. மீதி மொட்டையாக நிற்கின்றன. கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஊர் அவளிடம் பேசுவதை விட்டது. ரொட்டிக் கடையில் அவளோடு மாவு பிசைந்தவர்களே ரொட்டியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வார்கள்.

போன வசந்தத்தில் செவேர் விடுதலையானான். அவள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றபடியே பேசினான். பக்கத்து வீட்டுக்காரியான நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"நான் திரும்பி வந்தது அவங்களுக்குப் பிடிக்கலக்கா. நீ தனியா மேல காட்டுக்குப் போகாத."

"உள்ள வா. சாப்டியா?"

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அதன் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. இத்தாலிக்கு வேலைக்குப் போயிருப்பான் என்று ஊர் சொல்கிறது. வெதூரியா மறுத்துப் பேசுவதில்லை.

போன வாரம் காளான் பொறுக்க மேலே போயிருந்தேன். பட்ட மரம் ஒன்றின் அடியில் மண் புதிதாகக் கிளறிக் கிடந்தது. வெதூரியா மண்வெட்டியோடு அதைத் தோண்டிக்கொண்டிருந்தாள். காட்டுப்பன்றி கிளறியதாக இருக்கும் என்றேன். அவள் தோண்டுவதை விடவில்லை. முழங்கால் ஆழத்துக்குப் போய், வேர் தட்டியதும் நிறுத்தினாள். மண்ணைத் தள்ளி மூடிக் காலால் மிதித்துச் சமன் செய்தாள்.

"அவன் இங்க இல்ல," என்றாள்.