வெள்ளி பூசிய இஞ்சின்

முந்தாநாள் காலையில் எதிர்வீட்டுக்காரர் தன் இரும்புக் கேட்டுக்கு வெள்ளி பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஆயுத பூஜை அல்லவா, ஊரே எதையாவது துடைத்துக்கொண்டோ பூசிக்கொண்டோ இருந்தது. காபி டம்ளரோடு வாசலுக்கு வந்தவன், அந்த வாடை மூக்கில் ஏறியதும் அப்படியே உள்ளே திரும்பிவிட்டேன். "என்னா, காபி ஆறிப்போச்சா?" என்றாள் என் மனைவி தனம். இல்லை என்றேன். அவளுக்கும் வாடை எட்டியிருக்க வேண்டும். போய் ஜன்னலைச் சாத்தினாள்.

வாடையைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. கல்யாணமான புதிதில் கடலூரில் ஓர் உரக்கடையில் பில் போடுகிற வேலை எனக்கு. சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ். சாயங்காலம் திரும்பும்போது என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் புதுச்சத்திரம் வருவதற்குள் வேறு சீட் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். சட்டையில், தலைமயிரில், சாப்பாட்டுத் தூக்கில்கூட உர மூட்டையின் நெடி ஊறிக் கிடக்கும். என் மச்சான் சேகர் என்னை 'யூரியா மாமா' என்றுதான் கூப்பிடுவான். தெருமுனையில் நான் திரும்பும்போதே, "அக்கா, யூரியா மாமா வந்துட்டாரு, மூக்கப் பொத்திக்க" என்று கத்துவான். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அவன் சிரிக்கிற சிரிப்பில் அது எங்கே போகிறதென்றே தெரியாது.

சேகர் தனத்தின் தம்பி. அப்பா அம்மா போனபிறகு எங்களோடுதான் இருந்தான். ஒரு பழைய வெள்ளை வேன் வைத்திருந்தான். ஆள் அனுப்புகிற காண்டிராக்டர் ஒருவருக்காகச் சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய் சிப்காட் தொழிற்பேட்டையில் காலை ஷிப்டுக்கு இறக்கிவிடுவான், முடிந்ததும் கூட்டிவருவான். அந்தப் பெண்கள் வேனுக்குள் பாடுகிற பாட்டும் அடிக்கிற கிண்டலும் வேன் வருவதற்கு முன்னால் வந்துவிடும். ஒருநாள் ஆலப்பாக்கம் தாண்டி நடுரோட்டில் கரும்புகை விட்டுக்கொண்டு வேன் நின்றது. இஞ்சின் ஜாம். பிரித்துப் பார்த்த மெக்கானிக் ஜாபர் பாய் உதட்டைப் பிதுக்கிவிட்டார். வேற இஞ்சின்தான் மாத்தணும் என்றார்.

பெண்ணாடம் பக்கத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்னால் ஏறி நசுக்கிய வேன் ஒன்று கிடந்தது. அதன் இஞ்சினைக் கழற்றி வாங்கினோம். "பின்னாடிதாங்க அடி, முன்னாடி இஞ்சின் தங்கம்" என்றார் விற்றவர். பழைய இஞ்சின் விற்கிற எல்லோரும் தங்கம் என்றுதான் சொல்வார்களாம், எனக்கு அப்போது தெரியாது. லோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது அதன் இடுக்குகளில் கரும்புச் சோகை செருகிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஷீட் கொட்டகையில் ஒரு பழைய டயரைப் போட்டு, அதன்மேல் உட்கார வைத்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சேகரின் பாஸ்போர்ட் அப்போது கடலூரில் ஓர் ஏஜெண்டிடம் இருந்தது. வேன் நின்ற வாரமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான், குவைத்துக்கு டிரைவர் வேலை. தனம் சாப்பிடாமல் கிடந்தாள். "பூஜை லீவு முடிஞ்சி மொத ஷிப்டுக்கு வண்டி போயிடணும்க்கா. போயிட்டா பாஸ்போர்ட்டத் திரும்ப வாங்கிடறேன். போவலன்னா காண்டிராக்டரு வேற வண்டி போட்டுடுவாரு, அப்புறம் நான் இங்க இருந்து என்னா பண்றது?" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தான். ஆக, அவன் இங்கே இருப்பானா போவானா என்பது அந்த டயர்மேல் உட்கார்ந்திருந்தது.

இஞ்சினுக்குள் பல் வைத்த ஒரு பெல்ட் உண்டு. கீழே ஒரு சக்கரம், மேலே ஒரு சக்கரம், இரண்டையும் அதுதான் சேர்த்துச் சுற்றுகிறது. இரண்டும் சரியான இடத்திலிருந்து கிளம்பவேண்டும். பிசகினால் உள்ளே மேலே போகிறதும் கீழே வருகிறதும் ஒன்றோடொன்று இடித்து வளைந்துபோகும். உரக்கடைக்காரன் சொல்கிற மெக்கானிக் வேலை இது, பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பாய் பழைய பெல்ட்டைப் பார்த்தார். விரிசல் விட்டிருந்தது. அறுத்துப் போடுவதற்கு முன்னால் சக்கரங்கள் எங்கே நிற்கின்றன என்று தெரிவதற்காக, இரண்டிலும் எதிரே இருந்த இரும்பிலும் வெள்ளை பெயிண்டால் சின்னச் சின்னப் பொட்டு வைத்தார். "புது பெல்ட்டு பாண்டிச்சேரிலேர்ந்து வரணும். பூஜ முடிஞ்ச மறுநாளு வரேன், யாரும் கை வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் பரங்கிப்பேட்டைக்குப் போனார்.

கை வைக்காதே என்றால் சேகருக்குத் திருப்பக்கூடாது என்று அர்த்தம். குளிப்பாட்டக்கூடாது என்று அர்த்தமில்லை. பூஜைக்கு முதல் நாள் உரக்கடையில் கொடுத்த பொரிகடலைப் பொட்டலத்தோடு நான் வீட்டுக்கு வந்தால், கொட்டகையே பளபள என்று மின்னுகிறது. மண்ணெண்ணெய் போட்டு இஞ்சினைத் தேய்த்துக் கழுவி, மேலிருந்து கீழ்வரை வெள்ளி பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறான். கையெல்லாம் வெள்ளி, மூக்கு நுனியில் வெள்ளி. "மாப்பிள்ள மாதிரி இருக்குல்ல மாமா?" என்றான். இருந்தது, பொய் சொல்லக்கூடாது. தனம் வெளியே வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்தே வெகுநாளாகியிருந்தது.

பூஜையன்று இஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம், கதம்ப மாலை. வேனுக்குத் திருஷ்டிப் பூசணிக்காய். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். வண்டியில்தான் இஞ்சின் இல்லையே, எப்படி ஏற்றி நசுக்குவது? "தள்ளுங்க மாமா" என்றான். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் பின்னாலிருந்து தள்ள, சேகர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டு ஹாரன் அடிக்க, இஞ்சின் இல்லாத வேன் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கியது. எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் சந்தோஷமான பூஜை அது.

மறுநாள் பாய் புது பெல்ட்டோடு வந்தார். இஞ்சினைப் பார்த்ததும் பெல்ட்டைக் கையில் பிடித்தபடியே அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"நான் வெச்ச குறி எங்கடா?"

"குறியா?"

"வெள்ளையா வெச்சேனே, எங்கடா?"

சேகர் என்னைப் பார்த்தான். "ஏதோ கறைன்னு நெனச்சேன் பாய்" என்றான் மெதுவாக.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டு டயர் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ரம்பத் துண்டு ஒன்றை எடுத்து மேல் சக்கரத்தில் வெள்ளியைச் சுரண்ட ஆரம்பித்தார். அடியில் அவருடைய பொட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. கம்பெனியில் வெட்டி அனுப்புகிற கோடு ஒன்று இருக்கும், அது கிடைத்தால் போதும் என்றார். கிடைத்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்றும் கிடைத்தது. இரண்டும் ஒரே மாதிரிக் கோடு, ஒரே ஆழம்.

"எது பாய் சரி?" என்றேன்.

"எனக்கே தெரியலப்பா. இத முன்னாடி எவனோ ஒரு வாட்டி கழட்டிருக்கான். கம்பெனி போட்டது ஒண்ணு, அவன் போட்டது ஒண்ணு. எது எவன் போட்டதுன்னு இஞ்சின் வாயத் தொறந்து சொல்லுமா? உன் மச்சானுக்குப் பக்தி ஜாஸ்தியாப் பூட்டுது."

சிரிப்பு வரவேண்டிய இடம். யாருக்கும் வரவில்லை. பாய் ஒரு கோட்டுக்குச் சக்கரத்தை நிறுத்தி, பெல்ட்டை மாட்டி, கீழே ஸ்பேனர் போட்டுக் கையாலேயே மெதுவாகத் திருப்பினார். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க முடியாது, தப்பாக இருந்தால் ஒரு சுற்றிலேயே உள்ளே வளைந்துவிடும். கையால் என்றால் இடிக்கிற இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். சக்கரம் நகர நகர நாங்கள் மூச்சு விடவில்லை. தனம் ஈரக் கையோடு வந்து கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இஞ்சினைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தம்பி போகிறானா இருக்கிறானா என்று மட்டும்தான் அவள் பார்த்தாள். நானும் அதைத்தான் பார்த்தேன், செய்வதற்கு எனக்கு ஒன்றுமே இல்லை. மூட்டைக்குள் இருப்பது என்ன உரம் என்று கேட்டால் முகர்ந்தே சொல்லிவிடுவேன், அந்த வித்தை அங்கே எதற்கு உதவும்?

டக் என்றது. பாயின் கை அப்படியே நின்றது.

"இடிக்குது" என்றார்.

சேகர் திரும்பிக்கொண்டு முகத்தைத் தோளில் துடைத்தான். பாய் பெல்ட்டைக் கழற்றி, இன்னொரு கோட்டுக்கு நிறுத்தி, மறுபடி மாட்டினார். மறுபடி ஸ்பேனர். இந்தமுறை சக்கரம் சுற்றியது. இடிக்கவில்லை. இன்னொருமுறை சுற்றியது. சக்கரத்துக் கோடு வந்து, எதிர் இரும்பில் இருந்த கோட்டுக்கு நேரே நின்றது. "அல்லா" என்று பாய் ஸ்பேனரைக் கீழே போட்டார். தனம் கம்பைப் பிடித்தபடியே அழுதாள்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் இஞ்சின் வேனில் ஏறி, முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை ஷிப்டுக்குப் பாட்டுச் சத்தத்தோடு வேன் போனது. நான் கடலூரில் ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டை வாங்கி, மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்து தனத்தின் கையில் கொடுத்தேன். அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். மறு பூஜை வருவதற்குள் காண்டிராக்டர் பெரிய பஸ் விட்டுவிட்டார். எல்லா ஊருக்கும் ஒரே பஸ், வேன்காரர்கள் எல்லோரும் நின்றுகொள்ளலாம். இஞ்சின்மேல் ஒரு குறை சொல்ல முடியாது, கடிகாரம் மாதிரி ஓடியது. ஓடி எங்கே போவது? சேகர் கல்யாண வாடகை பார்த்தான், காட்டுமன்னார்கோயில் நெல் மில்லுக்கு ஆள் ஏற்றினான். ஒன்றும் நிற்கவில்லை. சாமி படத்துக்குப் பின்னாலிருந்த பாஸ்போர்ட்டை அதே மஞ்சள் பையில் போட்டு நானேதான் கடலூருக்குக் கொண்டுபோனேன். அன்றைக்கு பஸ்ஸில் யாரும் என் பக்கத்திலிருந்து எழுந்து போகவில்லை, அதைக் கவனித்தது மட்டும் நினைவிருக்கிறது.

"ரெண்டு வருஷந்தான் மாமா. வாரத்துக்கு ஒரு வாட்டி ஸ்டார்ட் பண்ணி வைங்க. வந்து நானே ஓட்டிக்கறேன்" என்றான் கிளம்பும்போது. வைத்தேன். நடுவில் ஒருமுறை லீவில் வந்தவன், பெட்டியை இறக்காமல் நேராகக் கொட்டகைக்குப் போய் வேன்மேல் கிடந்த தார்ப்பாயை விலக்கிப் பார்த்தான். பிறகும் இரண்டு வருஷம் என்றுதான் போனான். போன மழைக்குத் தண்ணீர் வேனின் சீட்டுக்கு மேல் நின்றது. வடிந்தபிறகு பாயின் பையன் வந்து பார்த்துவிட்டு, இனிமேல் எடைக்குத்தான் என்றான். பாய் இல்லை இப்போது. இரும்புக்கடைக்காரர்கள் வெட்டி ஏற்றும்போது தனம் ஓடிப்போய் அந்த மேல் சக்கரத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அரிசி டிரம் மூடிமேல் வைத்திருக்கிறாள். "அவங்கிட்ட சொல்லாதீங்க" என்றாள் என்னிடம். "வண்டி இருக்குன்னுதான் அவன் அங்க நாள ஓட்டறான்."

நேற்று பூஜை முடிந்த நேரத்துக்குச் சேகர் போன் செய்தான். வருஷா வருஷம் செய்வதுதான். இந்தமுறை வீடியோவில் வந்தான். மீசை நரைத்திருந்தது. "இஞ்சினுக்குப் பொட்டு வெச்சீங்களா மாமா? காட்டுங்க" என்றான்.

நான் விழித்தேன். தனம் சக்கரத்தை எடுத்துக்கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். காலையிலேயே சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. போனைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தேன். திரை முழுக்க வெள்ளியும் பொட்டும்தான் தெரிந்தன, பாய் சுரண்டிய இடத்தில் அந்த இரண்டு கோடும்.

"அட, அந்தக் கோடு!" சேகர் சிரித்தான். அதே சிரிப்பு. "வெள்ளி இன்னும் போவல பாரு அக்கா."

"போவலடா" என்றாள் தனம்.

"மாமா, கொஞ்சம் தள்ளி நின்னு முழுசா காட்டுங்க."

போனைப் பிடித்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன். தள்ளிப் போய்க் காட்டுவதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை.