சூடு ஆகாத துப்பாக்கி

வேதாரண்யம் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு ரேடியேட்டர் கடையில் நான் வேலை பார்த்த காலத்தில், ஊரில் பாதிப்பேர் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்தாவதில் இரண்டு முறை கோட்டைவிட்ட நானும் எடுத்திருந்தேன். சிங்கப்பூர் போவதற்கான கேஸ் வெல்டிங் டெஸ்ட்டில் பாஸாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த ஒரு வாரமும் என் வாய்க்குப் பூட்டே கிடையாது.

கடை மேஸ்திரி நாகப்பட்டினம் போயிருந்த ஒரு காலையில், கோடியக்கரைப் பக்கத்து விவசாயி ஒருவர் சைக்கிளில் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கேரியரில் கட்டியிருந்த சாக்கைப் பிரித்தார். உள்ளே பழைய ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றின் குழல்கள் மட்டும் இருந்தன. தோளில் வைக்கிற மரக்கட்டையை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டாராம். நான் கேட்பதற்கு முன்பே லைசென்ஸை எடுத்து நீட்டினார்.

"கடலைக்கொல்லையில பன்னி பூந்துடுது தம்பி" என்றார்.

"உங்களுக்கு எதுக்குண்ணே துப்பாக்கி? நீங்க போயி நின்னாலே பன்னி ஓடிடுமே."

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் சிரித்தார். விவசாயியும் சிரித்தமாதிரி செய்தார்.

இரண்டு குழல்களுக்கும் நடுவில் நீளமாக ஓர் இரும்புப் பட்டை ஓடியது. அதை ஈயம் வைத்து ஒட்டியிருந்தார்கள். முனையில் ஈயம் விட்டுப்போய்ப் பட்டை லேசாகத் தூக்கியிருந்தது. சுடும்போதெல்லாம் கிணுகிணு என்கிறதாம்.

"தஞ்சாவூர்ல துப்பாக்கிக் கடை இருக்குல்லண்ணே?"

"போயிட்டு வர ரெண்டு நாளு ஆவும். அதுக்குள்ள பன்னி அறுவடைய முடிச்சுடும். நீங்க ரேடியேட்டருக்கு வைக்கிற ஈயந்தான் இதுக்கும். சூடு மட்டும் ரொம்பக் காட்டிடாதீங்க."

"சுடுறதுக்குன்னே பொறந்தது. அதுக்கே சூடு ஆகாதா?" என்றேன். "பயப்படாதீங்கண்ணே. பத்த வைக்கிறதுல என்னை அடிச்சுக்க ஆளில்ல. ஒத்துமையா இருந்த பங்காளிங்களையே பத்த வச்சு விட்டவன் நான்."

அவர் குழல்மேல் கையை வைத்துக்கொண்டே பேசினார். அவருடைய அப்பா மிராசுதார் வீட்டுப் பண்ணையில் வேலை செய்தவர். மிராசுதார் கொக்கு சுடப் போனால், இதே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பாராம். அந்தக் குடும்பம் நிலத்தை விற்றுவிட்டு மெட்ராஸ் போனபோது இவர் வாங்கியிருக்கிறார். லைசென்ஸுக்கு மூன்று வருஷம் அலைந்தாராம். "எங்க தெருவுல இது ஒண்ணுதான் தம்பி" என்றார். நான் வெல்டிங் டார்ச்சைத் துடைத்துக்கொண்டு பாதிதான் கேட்டேன்.

"கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வாங்கண்ணே" என்று அவரை அனுப்பிவிட்டேன்.

ஈயமும் அதை உருக்குகிற சூட்டுக்கோலும் போதும். அரைமணி வேலை. ஆனால் டெஸ்ட் பாஸானவன் சூட்டுக்கோலைத் தொடுவானா? ஈயம் மறுபடி விட்டுப்போகும், பித்தளை போகாது என்று என் அறிவு சொன்னது. பித்தளைக் கம்பியை எடுத்தேன். பித்தளை உருக ஈயத்தைவிடப் பலமடங்கு சூடு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சூட்டில் மற்ற இடத்து ஈயம் என்ன ஆகும் என்று மட்டும் யோசிக்கவில்லை. குழல் சிவந்தது. ஈயம் சொட்டுச் சொட்டாகத் தரையில் ஓடியது. முனையில் மட்டும் தூக்கியிருந்த பட்டை முழு நீளத்துக்கும் கழன்று விழுந்தது. அடியில் இருந்த இன்னொரு பட்டையும் விழுந்தது. ஒன்றாக இருந்த குழல்கள் விலகி நின்றன.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் செய்தது வேறு. குழல்களைக் கம்பியால் கட்டி, பட்டைகளைப் பித்தளைப் பொட்டுகளால் பிடிக்கவைத்து, அரம் போட்டு, ரேடியேட்டருக்கு அடிக்கிற கறுப்புப் பெயிண்டை அடித்தேன். அவர் வந்து விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"கல்லு மாதிரி வச்சிருக்கேண்ணே."

விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நல்லா இருங்க தம்பி" என்று சாக்கில் சுற்றிக்கொண்டு போனார்.

மத்தியானம் மேஸ்திரி வந்ததும் இதை ஒரு ஜோக்காகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"கொழா செவந்துச்சாடா?"

"செவந்துச்சு."

"செவந்த கொழாயில வலுவே இருக்காதுடா. அதுல தோட்டா போட்டா அவரு மூஞ்சியிலயே வெடிக்கும். ஓடு."

பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பொழுது சாயும்போது விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். குழல்கள் சாக்கோடு சுவரில் சாத்தியிருந்தன. கட்டையில் மாட்டவே இல்லை. பட்டை கழன்றதிலிருந்து பெயிண்ட் அடித்ததுவரை எல்லாவற்றையும் சொன்னேன். சுடவே கூடாது என்றேன்.

"கடையிலயே தெரிஞ்சுது தம்பி. பெயிண்டு விரல்ல ஒட்டுச்சு."

"அப்பவே நாலு அறை விட்டிருக்கலாமேண்ணே?"

"சத்தம் போட்டா நாலு பேரு கூடுவாங்க. உனக்கெதுக்குடா துப்பாக்கின்னு கேப்பாங்க."

காலையில் அதே கேள்வியைக் கேட்டு ஊரைச் சிரிக்கவைத்தவன் நான்தான். அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அதனால் இன்னும் குறுகிப்போனேன்.

தட்டிப் பன்னி விரட்டக் காலி எண்ணெய் டின் ஒன்றையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குக் கிளம்பினார். இன்னொரு டின் கிடந்தது. நானும் வருகிறேன் என்று எடுத்தேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"கடைசி பஸ்ஸு போயிடும். கெளம்புங்க தம்பி."

ஒரு 'டா' போட்டிருந்தால் தலையை நிமிர்த்தியிருப்பேன். கடைசிவரைக்கும் 'ங்க'தான். பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் டின் தட்டுகிற சத்தம் ரோடுவரை கேட்டது.