கிளி ஓட்டின கை

மலைமேல் இருக்கும் எடப்புளி நாட்டு ஊர்களில் அம்சவேணியைப் போல மகளைப் பற்றிப் பீற்றிக்கொள்ள ஆள் கிடையாது. கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் பேச்சு பேஸ்பாலில்தான் வந்து நிற்கும். "எங்க தேன்மொழி பந்து எறிஞ்சா, எதுருல நிக்கறவ மட்டையத் தூக்கறதுக்குள்ள தாண்டிப் போயிருமுங்க!" ஒரு ஆட்டம்கூட அவள் பார்த்ததில்லை. அதனால் என்ன, பெற்றவளுக்கு இந்த உரிமைகூடவா இல்லை?

ஒன்பதாவது படிக்கும் தேன்மொழிதான் பள்ளிக்கூட அணிக்குப் பந்து எறிபவள். விளையாட்டு டீச்சர் மெர்சி கறாரானவர். எறிந்த மறுநாள் கைக்கு ஓய்வு வேண்டும், வளர்கிற பிள்ளைக்கு முழங்கை மூட்டு இன்னும் முற்றவில்லை, மீறினால் வலி தங்கிவிடும் என்று வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அம்சவேணியும் அந்தப் பேச்சைத் தட்டவில்லை. அந்த நாட்களில் மகளைக் குடம் தூக்க விடுவதில்லை, மரவள்ளிக் கிழங்கு பிடுங்க விடுவதில்லை. "நீ சும்மா காட்டுல போயி உக்காந்துக்க சாமி" என்று தினைக் காட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

நாமக்கல் போட்டிக்கு முந்தின சாயங்காலம் தேன்மொழி இடது கையால் சோறு அள்ளினாள்.

"அடியே, பீச்சாங்கையிலயா திங்கற?"

வலது முழங்கை மடங்கவில்லை. பிள்ளை பொலபொலவென்று அழுதுவிட்டாள். "டீச்சர்கிட்டச் சொல்லிராதம்மா. ஜெயிச்சாத்தான் மாநிலப் போட்டி. நாளைக்கு ஒரு நாள் எறிஞ்சுக்கறேன்."

அம்சவேணி சோற்றைப் பிசைந்து மகளுக்கு ஊட்டிவிட்டாள். ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. ஒரு நாள்தானே என்றது ஒரு மனசு. கை போனால் எவன் தருவான் என்றது இன்னொரு மனசு. விடிந்ததும் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடி டீச்சரிடம் சொல்லிவிட்டாள்.

மெர்சி குழம்பிப் போனார். "எறிஞ்ச மறுநாளெல்லாம் ஓய்வு குடுத்தோமேம்மா. வீட்ல ஏதாவது வேலை செஞ்சாளா?"

"ஒரு வேலையும் கெடையாதுங்க டீச்சர். சும்மா தெனைக்குக் கிளி ஓட்டிட்டு உக்காந்திருந்தா."

"எப்படி ஓட்டுவா?"

"கல்லெடுத்து எறிஞ்சு..."

அட கடவுளே, பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து பொழுது சாயும் வரைக்கும் அல்லவா எறிந்திருக்கிறாள்! மலையில் கிளி ஓட்டுவதை யாரும் வேலையில் சேர்ப்பதில்லை. அம்சவேணியும் சேர்க்கவில்லை.

மெர்சி திட்டவில்லை. "நானும் கேக்காம விட்டுட்டேனே" என்றார். தேன்மொழியை ஆட்டத்தில் இறக்கவில்லை. அணி தோற்றது. நல்ல வேளை, இப்போதே நிறுத்தினீர்கள் என்ற டாக்டர், பொங்கல் வரை எதையும் எறியக்கூடாது என்று கண்டித்துச் சொன்னார்.

மகள் அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தகர டப்பாவைத் தட்டிக் கிளி ஓட்டுவது இப்போது அம்சவேணியின் பாடு. மார்கழிக்கு முன்னால் ஒரு நாள் பக்கத்துக் காட்டு அத்தாயி கேட்டாள்: "ஏம்மா, புள்ள இன்னும் பேசறதில்லையாமா?"

"எங்க பேசறாக்கா! நேத்துக் கோவத்துல கதவ அறைஞ்சு சாத்துனா பாரு, ஊடே அதிர்ந்துபோச்சு." அம்சவேணி தகர டப்பாவைக் கீழே வைத்தாள். "சோத்துக்கையாலக்கா. மொகத்துல வலியே இல்ல."